மூக்கில் மிளகு, தாழியில் மனிதன்

எலும்பும் எழுத்தும் – 14

போன வாரப் பகுதி வெளிவந்த மூன்றாம் நாள். லாபு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து எதிரே உட்கார்ந்தார். நாற்பது வருடம் பால்வெட்டியவர். வலது கைப் பெருவிரல் இன்னமும் உளி பிடித்த வாக்கிலேயே மடங்கி நிற்கும்.

"தம்பி, அந்த ராஜா மூக்குல மொளகு வச்சிருந்தாங்கன்னு எழுதியிருந்தீங்களே. எதுக்கு மொளகு? பஞ்சு கெடைக்கலயா?"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் கேள்வியின் கனம் தெரிந்தது. நம் வீடுகளில் உயிர் பிரிந்த கையோடு நடக்கும் வேலைகள் எல்லாருக்கும் தெரியும். கண்ணை மூடுவார்கள், தாடையைத் துணியால் கட்டுவார்கள், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள், மூக்கில் பஞ்சு வைப்பார்கள், நெற்றியில் காசு ஒட்டுவார்கள். பெரியவர் தோட்டத்து லயங்களில் எத்தனையோ பேருக்குத் தன் கையாலேயே இதையெல்லாம் செய்தவர். எகிப்தில் அரசனின் உடலைப் பதம் செய்தவன் எப்படி யோசித்திருப்பான் என்பது, நாலு புத்தகம் படித்த என்னைவிட அவருக்குத்தான் கிட்டத்தில் தெரியும். ஆகவே இந்த வாரத்தை அவருக்குப் பதிலாகவே எழுதுகிறேன்.

ஐயா, பஞ்சு நாற்றத்துக்கும் நீருக்கும். மிளகு மூக்குக்கு.

இரண்டாம் ராம்செஸ் 66 ஆண்டுகள் ஆண்டவர். கி.மு. 1213-இல் இறந்தபோது வயது ஏறக்குறைய 90. நெடிய, வளைந்த மூக்கு, கழுகு மூக்கு என்போமே அது. உடலை நேட்ரான் உப்பில் வற்ற வைத்து, பிசின் பூசி, சுற்றுக்கு மேல் சுற்றாகத் துணி இறுக்கினால் முதலில் அமுங்கிப்போவது மூக்குதான். கருவாடு காயப்போட்டவர்களுக்கு இது புரியும்: சதை வற்றினால் உருவம் ஒட்டிவிடும். மறு உலகத்தில் ராஜா தன் முகத்தோடு எழுந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் மூக்கின் உள்ளே மிளகை இட்டு நிரப்பி, சின்ன எலும்புத் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மூவாயிரம் வருடம் கழித்தும் அந்த மூக்கு நிமிர்ந்தே நிற்கிறது.

இது தெரியவந்த கதையும் சுவையானது. கெய்ரோ அருங்காட்சியகத்தில் ராம்செஸின் உடலில் பூஞ்சை பிடித்து அரிக்கத் தொடங்கியது. 1976-இல் அவரை விமானத்தில் ஏற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். இறங்கிய இடத்தில் ராணுவ மரியாதை, வந்திருப்பவர் நாடாளும் மன்னர் என்ற கணக்கில். அங்கே மாதக்கணக்கில் சோதித்து, கடைசியில் காமா கதிர் பாய்ச்சிப் பூஞ்சையைக் கொன்று, 1977-இல் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சோதனைகளில்தான் மிளகு கவனத்துக்கு வந்தது.

மிளகு எகிப்தில் விளையாது. அன்றைக்கு அது விளைந்த இடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. சேரநாட்டுக் கொடியில் காய்த்தது மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் எத்தனை கை மாறி நைல் நதிக்கரைக்குப் போனதோ! அதை வைத்து "தமிழன்தான் பிரமிடு கட்டினான்" என்று கிளம்பிவிடாதீர்கள் என்று சில வாசகர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ராம்செஸ் காலத்துக்கு முன்பே பிரமிடுகளுக்கு ஆயிரத்து இருநூறு வயது.

சரி, இத்தனை ராஜாக்களின் உடல் எப்படிக் கைக்குக் கிடைத்தது? தோண்டிய அறிஞர்களால் மட்டும் அல்ல, திருடர்களாலும், அவர்களுக்கு முன்னால் பூசாரிகளாலும். அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைகள் கொள்ளை போகப் போக, இருபத்தோராம் வமிசக் காலத்துப் பூசாரிகள் உடல்களை எல்லாம் திரட்டிப் புதுத் துணி சுற்றி, பெயரையும், இடம் மாற்றிய தேதியையும் மையால் குறித்து, தெய்ர் எல்-பாஹ்ரி மலைக்குள் ஆழமான ஒரு குழியில் ஒளித்து வைத்தார்கள். அந்தக் குழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது அப்துல் ரசூல் குடும்பம். பத்து வருடம் வாய் திறக்காமல் ஒவ்வொரு பொருளாக எடுத்து விற்றார்கள். பிறகு வழக்கம்போல அண்ணன் தம்பிக்குள் பங்குச் சண்டை. அண்ணன் போய் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான்.

1881 ஜூலையில் எமில் புருக்ஷ் என்ற அதிகாரி மெழுகுவர்த்தியோடு உள்ளே இறங்கினார். முதலாம் சேத்தி, மூன்றாம் துத்மோஸ், ராம்செஸ் என்று பாடப்புத்தகப் பெயர்கள் விறகு அடுக்கியதுபோல் கிடந்தன. சில நாட்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நீராவிப் படகில் ஏற்றினார்கள். படகு வடக்கே போகப் போக, கரையோரக் கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். ஆண்கள் துப்பாக்கியால் வானத்தில் சுட்டார்கள். எத்தனையோ நூற்றாண்டாக முஸ்லிம்களாக வாழும் ஊர்கள் அவை. இருந்தும் பிணம் போகிறது என்றால் அழத்தான் வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது. கெய்ரோ நுழைவாயிலில் சுங்க அதிகாரி தன் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, 'அரசர்' என்ற சரக்கு இல்லாததால் 'கருவாடு' என்று வரி போட்டதாகவும் ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் மனமில்லை.

இனி வருகிறார் இந்த வாரத்தின் நாயகர். நாயகரா வில்லனா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கிராஃப்டன் எலியட் ஸ்மித். ஆஸ்திரேலியாவில் 1871-இல் பிறந்தவர். 1900 முதல் 1909 வரை கெய்ரோவில் உடற்கூறியல் பேராசிரியர். அரச உடல்களை ஒவ்வொன்றாக அளந்து, எழுதி, 1912-இல் பெரிய நூலாக வெளியிட்டார். இன்றைக்கும் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் யாரும் அந்தத் துறையில் காலெடுத்து வைப்பதில்லை. 1903-இல் நான்காம் துத்மோஸை ஊடுகதிர்ப் படம் எடுக்க ஆசைப்பட்டார். கெய்ரோவில் அந்தக் கருவி இருந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். என்ன செய்தார் தெரியுமா? பின்னாளில் துட்டன்காமன் கல்லறையைத் திறந்து பேர் வாங்கிய ஹோவர்ட் கார்ட்டரையும் கூட்டிக்கொண்டு, மன்னரை ஒரு வாடகைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவழியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சவாரிக்கு எத்தனை பேர் என்று வண்டிக்காரன் கணக்குப் பார்த்தானோ என்னவோ.

ஸ்மித்தின் கண் கூர்மையானது. ஐந்தாம் ராம்செஸின் முகத்தில் கொப்புளங்களைப் பார்த்துப் பெரியம்மையாக இருக்கலாம் என்றார். ஆனால் எவ்வளவு கூர்மையான கண்ணானாலும் துணிக்கு இந்தப் பக்கம்தானே பார்க்கும்? மூன்றாம் ராம்செஸின் கழுத்தில் இருந்த கனத்த துணிச்சுற்றை அவர் அவிழ்க்கவில்லை. அங்கேதான் விஷயம் இருந்தது.

இத்தாலியின் தூரின் நகரத்தில் ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. மூன்றாம் ராம்செஸைக் கொல்ல அந்தப்புரத்தில் நடந்த சதியின் வழக்கு விசாரணை அது. தீயே என்ற இளைய ராணி தன் மகன் பெந்தவேரை அரியணை ஏற்ற ஆள் சேர்த்தாள், குற்றவாளிகளுக்கு மரணம், இளவரசனைத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள விட்டார்கள். எல்லாம் எழுதியிருக்கிறது. ராஜா செத்தாரா, தப்பினாரா என்பதை மட்டும் அந்தச் சுருள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேல் இதை வைத்துச் சண்டை போட்டார்கள். 2012-இல் சி.டி. ஸ்கேன் துணிக்கு உள்ளே போய்ப் பார்த்தது. குரல்வளைக்குக் கீழே, முதுகெலும்பைத் தொடும் அளவுக்கு ஆழமான ஒரே வெட்டு. வெட்டுக்காயத்துக்குள் ஹோரஸ் தெய்வத்தின் கண் வடிவத் தாயத்து ஒன்று. ஆறாத காயம் அடுத்த உலகத்திலாவது ஆறட்டும் என்று பதம் செய்தவன் வைத்தது. அதே 1881 குழியில் கிடந்த, பெயர் தெரியாத ஓர் இளைஞனின் மரபணுவில் தந்தைவழித் தொடர்பும் தெரிந்தது. மற்றவர்களுக்குப் போல மெல்லிய லினன் துணி சுற்றாமல், எகிப்தியர் தீட்டாக நினைத்த ஆட்டுத்தோலில் அவனைப் போர்த்தியிருந்தார்கள். பெந்தவேர் இவனாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது அந்த ஆய்வு. மகன்தான் என்பதற்கு முத்திரை இல்லை. ஆட்டுத்தோல் ஏறக்குறைய முத்திரை.

எலும்பும் எழுத்தும் இப்படி ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் இடம் அபூர்வம். எலும்பிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுக் கெடுத்த இடங்கள்தான் அதிகம். அதற்கும் ஸ்மித்தே உதாரணம். அந்த உதாரணம் நம் வீட்டு வாசலுக்கே வருகிறது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில், ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரம்பு. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த மேடு, அடியில் தாழி தாழியாக மனிதர்கள். 1876-இல் பெர்லினிலிருந்து ஃபியோடர் யாகோர் வந்து மண்டையோடும் பானையும் இரும்பும் அள்ளிக்கொண்டு போனார். அந்த வருடம்தான் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது; சனம் சோற்றுக்கு அலைந்த காலத்தில் பெர்லினுக்குப் பெட்டி போனது. பிறகு 1899 முதல் 1904 வரை தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ முறையாகத் தோண்டினார். வெண்கலத்தில் எருமை, சேவல்; இரும்பு வாள், சூலம்; நெல் உமி; மெல்லிய தங்கத் தகட்டில் நெற்றிப்பட்டங்கள், இரண்டு முனையிலும் நூல் கோக்கத் துளை. (இதைச் சொன்னபோது பெரியவர் தன் நெற்றியைத் தொட்டுக்காட்டி, "காசு வைக்கிற எடம்" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.)

அங்கே கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி 1930-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தது. எழுதியவர் சாலி சக்கர்மன். அவர் பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் ஆனார். கூடவே ஒரு குறிப்பு எழுதியவர் எலியட் ஸ்மித். ராம்செஸின் தலையைத் தடவிப் பார்த்தவர் ஆதிச்சநல்லூர் பெயரில்லாதவனின் தலையைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார்.

ஸ்மித் இதற்குள் தன் வாழ்நாள் கொள்கையில் மூழ்கிவிட்டிருந்தார். பெருங்கல் எழுப்புவது, சூரியனைக் கும்பிடுவது, உடலைப் பதம் செய்வது எல்லாமே எகிப்தில் ஒரே முறை பிறந்து, கப்பலேறி இந்தியா, இந்தோனேசியத் தீவுகள், பசிபிக், அமெரிக்கா வரை பரவியது என்பது அவர் கட்சி. நம் நெகிரி செம்பிலானில் பெங்காலான் கெம்பாஸ் போனால் நிற்கும் செதுக்கிய நெடுங்கற்களைக்கூட அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய வலை. அந்தக் காலத்து ஆய்வு மண்டையோட்டை அளந்து, இது ஆஸ்திரேலிய ஆதிகுடிச் சாயல், அது மத்தியதரைக்கடல் சாயல் என்று பிரித்துப் பெட்டியில் போட்டது. அளவுகோல் பிழை சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் பிழை. நீ எந்த இனம் என்று மட்டும் கேட்டால் எலும்பு என்ன செய்யும், கேட்டவன் கையில் வைத்திருக்கும் இரண்டு பதிலில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். என்ன தின்றாய், எந்தப் பல் வலித்தது, எத்தனை சுமை தூக்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெட்டிகளின் பெயரை வைத்து நம் மேடைகளில் எவ்வளவு பேசித் தீர்த்தோம் என்பதைத் தனி அத்தியாயமாகத்தான் எழுத வேண்டும்.

அந்தக் கேள்விகளைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ராஜாவிடம் இல்லை, ஒரு பானையில்.

கெய்ரோவுக்குத் தெற்கே நுவைராத் என்ற ஊரில் 1902-இல் ஜான் கார்ஸ்டாங் ஒரு கல்லறை திறந்தார். பாறையைக் குடைந்த அறை, உள்ளே பெரிய மண்பானை, பானைக்குள் மடக்கி உட்கார வைத்த ஓர் ஆண். ஆதிச்சநல்லூர்க்காரருக்குக் காட்டினால் "இது நம்ம முதுமக்கள் தாழிதானே" என்பார். எலும்புகள் இங்கிலாந்தின் லிவர்பூல் போய்ச் சேர்ந்து, உலகப்போரின் குண்டுவீச்சுக்கும் தப்பிக் கிடந்தன. 2025 ஜூலையில் 'நேச்சர்' இதழில் அவருடைய முழு மரபணுத் தொகுதி வெளியானது. பிரமிடுகள் எழுந்த காலத்து எகிப்தியர் ஒருவருடையது முழுதாகக் கிடைத்தது அதுவே முதல் முறை. காலம் கி.மு. 2855-க்கும் 2570-க்கும் இடையில்.

துட்டன்காமன் முதலான அரச உடல்களில் மரபணு எடுத்ததாக 2010-இல் வந்த ஆய்வைப் பற்றி இன்னும் தகராறு ஓயவில்லை. வெப்பம், பிசின், மூவாயிரம் வருடம் தொட்ட கைகள் என்று எல்லாம் கலந்துவிட்டது என்பது எதிர்க்கட்சி. தங்கச் சவப்பெட்டியும் தைலமும் இல்லாத பானைக்காரர் ஒரு பல்லின் வேரில் தன் முழுக் கணக்கையும் பத்திரமாக வைத்திருந்தார். முன்னோரில் ஐந்தில் நான்கு பங்கு வட ஆப்பிரிக்கர், ஒரு பங்கு மெசொப்பொட்டேமியப் பக்கத்தவர். எலும்பு அதைவிட அருமையாகப் பேசியது. இறக்கும்போது வயது 44-க்கும் 64-க்கும் இடையில், அந்தக் காலத்துக்கு நல்ல ஆயுசு. மூட்டுத் தேய்மானம். இடுப்பெலும்பு விரிந்து தேய்ந்திருப்பதைப் பார்த்தால் கடினமான தரையில் நாள் முழுக்க உட்கார்ந்தவர். கையை முன்னே நீட்டி, தலையைக் குனிந்து வேலை செய்தவர். குயவராக இருக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படித்துக்காட்டியபோது பெரியவர் தன் மடங்கிய பெருவிரலை இடது கையால் பிடித்து நீவிக்கொண்டிருந்தார்.

"எங்க எலும்பைப் பாத்தாலும் கண்டுபிடிப்பாங்களா, பால்வெட்டுன்னு?"

கண்டுபிடிப்பார்கள் ஐயா. இருட்டு நேரத்தில் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி உளி இழுத்து, காண்டா கட்டித் தோளில் பால் சுமந்த நாற்பது வருடம் எங்கே போகும்? தோளிலும் கழுத்திலும் முழங்காலிலும் இருக்கும்.

நம் பக்கமும் இப்போது கேள்வி மாறியிருக்கிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை, அந்த ஊர்க்காரர்களின் இடுகாடு. அங்கே தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குமரேசன் குழுவினர் ஆராய்கிறார்கள். நம் மண்ணின் சூடும் ஈரமும் மரபணுவைப் பாதி தின்றுவிடும். எகிப்தின் வறட்சி நமக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை. இரண்டு ஆண்களின் மண்டையோட்டை அளந்து முகம் வடித்து 2025-இல் வெளியிட்டார்கள். வடித்துக் கொடுத்தது லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம். நுவைராத் பானைக்காரருக்கு முகம் கொடுத்ததும் அதே பல்கலைக்கழகம்தான். கொந்தகை முகங்கள் பத்திரிகையில் வந்த அன்று, "எங்க மாமா மாதிரி இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். தோல் நிறமும் தலைமுடியும் ஓவியரின் ஊகம், எலும்பு சொன்னதில்லை என்று நான் சொன்னதை மூன்று பேரும் காதில் வாங்கவில்லை.

கடைசியாக ஒரு செய்தி. இதற்காகத்தான் எகிப்தைவிட்டு இன்னும் நகராமல் இருக்கிறேன்.

2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்க் கல்வெட்டியல் மாநாட்டில் ஷார்லட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ரவுச் என்ற இரு அறிஞர்கள் ஒரு கட்டுரை படித்தார்கள். அரசர் பள்ளத்தாக்கின் ஆறு கல்லறைகளுக்குள் தமிழ் பிராமி, பிராகிருதம், சமஸ்கிருதம் என்று சுமார் 30 கீறல் எழுத்துகள். காலம் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குள். அப்போதே அந்தக் கல்லறைகள் திறந்த வீடுகள்; கிரேக்க, ரோமானியப் பயணிகள் வந்து வேடிக்கை பார்த்துச் சுவரில் தங்கள் பெயரை ஆயிரக்கணக்கில் கிறுக்கி வைத்த சுற்றுலாத் தலம். அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவில் நம் ஆள். பெயர் சிகை கொற்றன். ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தன் பெயரைக் கீறியிருக்கிறான். வந்தான், கண்டான் என்று பொருள்படும்படியும் எழுதியிருக்கிறான்.

கொற்றன் என்ற பெயர் நமக்குப் புதிதில்லை. புறநானூற்றில் பிட்டங்கொற்றன் இருக்கிறான். செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் கிடைத்த பானை ஓட்டில் 'கொற்றபூமான்' இருக்கிறது. அதே பெரெனிகேயில் ஒரு கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. கொற்றன் வந்த காலத்தில் ராம்செஸ் பூசாரிகள் ஒளித்த குழிக்குள் மூக்கில் மிளகோடு படுத்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் அவர் கிடப்பது இவனுக்குத் தெரிய வழியில்லை.

கடைக்காரர் மேசை துடைக்க வந்துவிட்டார். பெரியவர் மட்டும் விடவில்லை.

"வேறென்ன எழுதியிருந்தான்?"

"பேருதான் ஐயா. வந்தேன், பாத்தேன். அவ்வளவுதான்."

"எட்டு எடத்துலயா?"

"எட்டு எடத்துல."

அவர் கொஞ்ச நேரம் தண்டவாளப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் எழுதுனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மரத்துல, அப்பன் உளிய எடுத்துட்டுப் போயி. ரெண்டு மரம்தான். அதுக்குள்ள வாத்தியாரு ரோத்தானோட வந்துட்டாரு."

"மரம் இருக்கா இப்ப?"

"கித்தா மரம் தம்பி. செம்பனை போடுறப்ப எல்லாத்தையும் சாய்ச்சாச்சு."

சிரம்பான் கொம்யூட்டர் வந்தது. அவர் எழுந்து போய்விட்டார். தேநீருக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

(அடுத்த வாரம்: குசைர் துறைமுகத்துக் குப்பைமேட்டில் சாத்தனும் கணனும்)